காயலான் கடைக்குப் போகுமுன் ஒரு படம்

வியாபாரிக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டா என்று கேட்டால் நம்மவர்கள் சிரிப்பார்கள். காலையில் கடை திறந்து, இரவு கல்லாவை எண்ணி, பற்று வரவு எழுதி முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். ஞாயிறன்று கடையடைத்தால் கல்யாணம், காதுகுத்து, இல்லாவிட்டால் நிலுவை வசூல். இப்படி இருக்கிற பிழைப்பில் ஒருவன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழைய கார், பழைய லாரி, பழைய ஜீப் இவற்றைத் தேடித் தேடிப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பழக்கம் கடையிலிருந்துதான் எனக்கு வந்தது.

எங்கள் மண்டி போளூரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில். புளி, கடுக்காய், சாமை, தேன் என்று மலைச்சரக்குதான் மூன்று தலைமுறையாகக் கொள்முதல். தை பிறந்தால் புளி இறங்க ஆரம்பித்துவிடும். அந்த நாளில் அத்திமூர் வழியாக மலைமேலிருந்து இறங்கிவரும் வண்டிகளை வாசலில் உட்கார்ந்து பார்த்தபடியேதான் நான் வளர்ந்தேன். எந்த வண்டி யாருடையது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லுவோம். லேலண்ட் காமெட் என்றால் ஒரு உறுமல், டாட்டா பென்ஸ் என்றால் ஒரு இரைச்சல். கணக்குப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஆரணிக்காரர் வண்டி வருது, சிப்பத்தை எடுத்துப் போடுங்கப்பா" என்பார். தவறாது.

1978-ல் பழைய ஆக்பா கிளிக் 3 கேமரா ஒன்று கைக்குக் கிடைத்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டில் வீட்டாருக்கு எட்டு கொடுத்துவிட்டால் எனக்கு நாலு மிஞ்சும். அந்த நாலிலும் நான் வாசலில் பாரம் இறக்கும் லாரியைப் பிடிப்பேன். உதகையில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருள் அப்போது ஸ்டூடியோக்களில் கிடைக்கும். அந்தத் தொழிற்சாலையும் இப்போது இயங்கவில்லை. அதில் எடுத்த படங்கள் மட்டும் என் இரும்புப் பெட்டியில் இன்னும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்கின்றன.

கார்களுக்கு ஆள் இருக்கிறார்கள், லாரிக்கு யார்?

பழைய கார்களைப் பாதுகாப்பவர்கள் நம் மாநிலத்தில் நிறையவே இருக்கிறார்கள். கோவை அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. சென்னையில் ஏவி.எம். நிறுவனத்தார் தங்கள் ஸ்டூடியோவிலேயே 2023 மே மாதம் ஒரு அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். படப்பிடிப்புக் கருவிகளோடு பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடரைத் தியாகராய நகரில் அவரது நினைவு இல்லத்தில் யாரும் போய்ப் பார்க்கலாம். சென்னையில் பழைய கார் ஊர்வலம் என்றால் கேமராவும் கையுமாகக் கூட்டம் கூடிவிடுகிறது. நானும் போயிருக்கிறேன். பித்தளை விளக்கும் மெருகேற்றிய மூக்கும் பார்க்கக் கண் கொள்ளாது.

ஆனால் அங்கெல்லாம் நின்றபோது எனக்கு ஒரு எண்ணம் வரும். ராஜாவின் கார் இருக்கிறது, நடிகர் கார் இருக்கிறது, மந்திரி கார் இருக்கிறது. நம் அரிசி மூட்டையையும் மளிகைச் சரக்கையும் ஐம்பது வருஷம் சுமந்த வண்டி எங்கே?

சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டி, அதன் அசல் உருவம் மாறாமல் இருந்தால், ரூ. 20,000 கட்டிப் பத்து ஆண்டுக்குப் பதிவு பெறலாம், புதுப்பிக்க ரூ. 5,000. நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது சொந்த உபயோகத்து இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டுமே. சரக்கு லாரிக்கும் வேனுக்கும் அதில் இடமில்லை. இன்னொரு பக்கம், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எப்.சி. கட்டணமும் புதுப்பிப்புக் கட்டணமும் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு உயர்ந்துவிட்டன. புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழைய வண்டி ரோட்டில் ஓடியே தீர வேண்டும் என்று நான் வாதாடவும் வரவில்லை. கணக்குப் பார்த்தால் அது கட்டுப்படியாகாது என்பது லாரி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். ஆகவே அது காயலான் கடைக்குப் போவது போகட்டும். போவதற்கு முன்னால் நாலு படம் எடுத்து வைக்க என்ன தடை? காருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. லாரிக்கு நம் கையில் இருக்கும் செல்போன்தான் அருங்காட்சியகம்.

மும்பையில் நடந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். பிரீமியர் பத்மினி டாக்சிகளில் கடைசியாகப் பதிவான வண்டிக்கு இருபது வருஷக் கெடு முடிந்து, 2023 அக்டோபர் 30 முதல் அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சி ரோட்டிலிருந்து போனது. பல்லாயிரக்கணக்கில் ஓடியபோது ஏனென்று கேட்காத ஜனங்கள் கடைசி வாரத்தில் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். நம்முடைய லாரிகளுக்கு அந்தக் கடைசி வாரம் எது என்பது யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஷெட்டில் நிற்கும், மறுநாள் இரண்டு துண்டாக வெட்டி எடைமேடையில் ஏறியிருக்கும்.

எது எந்த வண்டி

படம் எடுக்கிறவனுக்கு வண்டியின் ஜாதகம் கொஞ்சம் தெரிந்திருந்தால் சுவை கூடும். நான் கற்றதெல்லாம் பட்டறை மேஸ்திரிகளிடமும் டிரைவர்களிடமும்தான்.

அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வார்ப்பு. 1950-களின் பிற்பாதியில் வந்து, 2014 மே மாதம் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை ஓடியது. உடம்பு மாறவே இல்லை என்பார்கள். முகப்புக் கம்பிக்கூட்டைப் பார்த்தால் மாறியது தெரியும். 60-களின் மார்க் 2-க்கு ஒரு முகம், 1975-ல் வந்த மார்க் 3-க்கு ஒரு முகம், 1979-ல் வந்த மார்க் 4-க்கு வேறு முகம். ஆகவே அம்பாசடரை எடுத்தால் முன்பக்கம் கட்டாயம் எடுக்க வேண்டும். பியட் காரில் கதை பெயரில் இருக்கிறது. 1964-ல் பியட் 1100 டிலைட், 1972-ல் பிரீமியர் பிரசிடென்ட், அதன் பிறகு பத்மினி. பின்பக்கத்து எழுத்துப் பட்டையைப் பிடித்துவிட்டால் வருஷம் ஓரளவு கைக்கு வந்துவிடும்.

நம் ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்ல வேண்டுமானால் அது வண்டலூர் ஸ்டாண்டர்டு. 1961-ல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. அதன் நாலு கதவு வகை இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரனுக்கே அது கிடையாது. பிறகு 1972-ல் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்டு 2000. 1988-ல் உற்பத்தியே நின்றது. அதே கம்பெனியின் 'ஸ்டாண்டர்டு 20' வேன் நம் வியாபாரத்துக்கு உழைத்த வண்டி. ஜவுளிக்காரர், ரொட்டிக் கம்பெனிக்காரர், சோப்பு ஏஜென்சிக்காரர் என்று பலர் வைத்திருந்தார்கள். இப்போது அதைப் பார்ப்பது குதிரைக் கொம்பு. பஜாஜ் டெம்போவின் மட்டடோர் வேனும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது.

லாரியில், டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. 1969 வரை வந்த வண்டிகளின் மூக்கில் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரம் உள்ள லாரி கண்ணில் பட்டால் விடாதீர்கள். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொடுத்த கம்பெனிதான் பிற்பாடு அசோக் லேலண்ட் ஆனது. அதன் காமெட் லாரிதான் எங்கள் மண்டி வாசலின் ராஜா. கம்பெனி கொடுத்தது சேஸிஸ் மட்டும். கேபினும் பெட்டியும் நாமக்கல் பக்கத்துத் தச்சர்கள், பெயின்டர்கள் கைவேலை. நெற்றிப் பலகையில் குலதெய்வத்தின் பெயர், கதவில் தாமரை, பின்னால் 'ஒலி எழுப்பவும்'. ஒவ்வொரு வண்டியும் தனி. கார்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. என் கண்ணுக்கு இந்தக் கைவேலைக்கு முன் கம்பெனி மெருகு நிற்காது.

நம்பர் பலகையையும் மறக்க வேண்டாம். 1989-க்கு முன் பதிவானது என்றால் மூன்றெழுத்து. பிறகு வந்ததெல்லாம் டி.என். வரிசை. எங்கள் பக்கம் வேலூருக்கு 23, திருவண்ணாமலைக்கு 25. வடாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்ததும் அதே 1989-ல்தான் என்பதால், பலகையைப் பார்த்தாலே மாவட்டச் சரித்திரம் கொஞ்சம் தெரியும். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் ஒரே ஜவ்வாது மலை மூன்று மாவட்டத்துக்குச் சொந்தமாகிவிட்டது.

மலைமேல்

படம் எடுக்க நான் அதிகம் போகும் இடம் மலைதான். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கி.மீ. கீழே பிக்கப் வேன்கள் வந்து பழைய வண்டிகளை விரட்டிவிட்ட பிறகும் மேலே ஜீப்புகள் நீடித்தன. மகிந்திரா கம்பெனி 1940-களின் பிற்பகுதியிலிருந்து வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்றது. அதில் பானெட் உயர்ந்த சிஜே 3பி வகைதான் மலைக்காரர்களுக்குப் பிடித்தது. பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேரும், மேலே பலாப்பழமும், பின்னால் சாமை மூட்டையுமாக அது ஏறுவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மலையூரில் பலா மரத்தடியில் அப்படி ஒரு ஜீப் நின்றது. தார்ப்பாய் கிழிந்து, ஒரு பக்கத்து விளக்கு இல்லாமல். உரிமையாளர் மலையாளி இனத்துப் பெரியவர், எங்கள் மண்டிக்குப் பழக்கமானவர்தான். அனுமதி கேட்டேன்.

"இந்த ஓட்டை வண்டியப் போய் எதுக்கு மொதலாளி போட்டோ புடிக்கிறீங்க? எங்க பையன் புது வண்டி வாங்கிக்கிறான், அதை எடுங்க."

"அதை நாளைக்குக்கூட எடுக்கலாங்க ஐயா. இது நாளைக்கு இருக்குமா?"

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் வேட்டி மாற்றி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். "எங்க ஊரு பொம்பளைங்க எத்தினி பேரைப் பிரசவத்துக்கு ராவோட ராவா இதுல இறக்கியிருக்கேன் தெரியுமா? ரெண்டு கொழந்தை வண்டியிலயே பொறந்துச்சு" என்றார். அடுத்த மாதம் பெரிய அளவில் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டி இப்போது இல்லை. படம் அவர் வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்கு அடுத்தபடியாக மாட்டியிருக்கிறது. அந்தச் சுவரில் புது வண்டியின் படம் இல்லை.

வண்டியை வெறும் வண்டியாக எடுப்பதைவிட ஊர் தெரிய எடுப்பது என் வழக்கம். பின்னணியில் ஒரு அடையாளம் இருந்தால் படம் எங்கே எடுத்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் அடையாளங்களுக்குப் பஞ்சமில்லை. பீமன் அருவி, கோலப்பன் ஏரி, வேலூர்ப் பக்கத்து இறக்கத்தில் அமிர்தி. கீழ்செப்பிலிப் பக்கம் பாறைப் பலகைகளால் கட்டிய பழைய கற்திட்டைகள் இருக்கின்றன; அந்தப் பக்கத்தார் குள்ளர் குகை என்பார்கள். மலையைச் சுற்றிய செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்பொருள் துறை 1970-களின் தொடக்கத்தில் அவற்றைத் தேடிப் படியெடுத்துப் புத்தகமாகப் போட்டது. ஆனால் கற்திட்டை மேலும் நடுகல் மேலும் சாய்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். அது மலைக்காரர்களுக்குக் கோயில் மாதிரி. நாலு சக்கரமும் ரோட்டில் இருக்கட்டும், கல் தூரத்தில் தெரிந்தால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய அடையாளம் காவலூர் வானிலக்கு நோக்ககம்தான். அதாவது நட்சத்திரம் பார்க்கும் நிலையம். மழை சொல்லும் ஆபீஸ் அல்ல. ஆலங்காயம் போகும் சாலையில் மரங்களுக்கு மேல் வெள்ளைக் குவிமாடம் தெரியும். வைணு பாப்பு என்ற விஞ்ஞானி 1960-களில் இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். நகர வெளிச்சம் இல்லை, தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பதுதான் காரணம். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையம் இருப்பதை உலகத்து விஞ்ஞானிகள் கண்டபோது காவலூரிலிருந்தும் பார்த்துக் குறித்தார்கள். பாப்பு 1982-ல் காலமானார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்து, நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

வியாபாரி புத்தி எனக்கு அங்கே வேறு மாதிரி வேலை செய்யும். இந்த மலைக்கு ரயில் கிடையாது. அந்தக் கண்ணாடியும் இரும்புச் சட்டங்களும் குவிமாடத்துத் தகடுகளும் லாரியில்தான் ஏறியிருக்க வேண்டும். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒரு டிரைவரும் கிளீனரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்றியிருப்பார்கள். தொலைநோக்கியின் படம் எத்தனையோ பார்த்துவிட்டேன். அதை ஏற்றி வந்த லாரியின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. அதற்காகவே, தூரத்தில் குவிமாடம் தெரிய ரோட்டில் ஒரு பழைய லாரியை நிறுத்தி எடுத்த படம் என் சேகரிப்பில் எனக்கு மிகப் பிடித்தமானது. அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பார்வையாளர்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு போங்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் ஹெட்லைட்டும் பிளாஷும் போடாதீர்கள். அவர்கள் தொழிலுக்கு இருட்டுதான் முதல்.

கட்டடங்களும் கணக்கில் சேரும்

வண்டிக்குச் சொன்னது கடைக்கும் பொருந்தும். சென்னை மூர் மார்க்கெட் 1900-ல் திறந்தது. பழைய புத்தகக் கடை முதல் பறவைக் கடை வரை நம்மவர்கள் எத்தனை பேர் அங்கே தொழில் செய்தார்கள்! 1985 மே 30-ல் எரிந்து போனது. இன்றைக்கு அந்த வளைவுகளையும் கூண்டுகளையும் ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் படம்தான் கதி. எங்கள் போளூர் ரயில் பாதை 2010-ல் அகலப்பாதை ஆனது. மீட்டர்கேஜ் வண்டியைப் பார்க்க இப்போது ஆல்பத்தைத்தான் திறக்க வேண்டும்.

இதில் பணவிஷயமும் இருக்கிறது. பக்கத்து ஊரில் மளிகைக்கடை நண்பர் ஒருவருக்குச் சாலை விரிவாக்கத்தின்போது தகராறு வந்தது. கடையின் முன்கட்டு பிற்பாடு நீட்டியது என்றார்கள். அவர் வரி ரசீதுகளைக் காட்டினார். கூடவே, 1986-ல் அவர் கடை வாசலில் நின்ற அம்பாசடரை நான் எடுத்திருந்த படத்தையும் கொண்டுபோனார். கார் மேல்தான் என் கவனம் இருந்தது. ஆனால் பின்னால் முன்கட்டு, தூண், ஓடு, பெயர்ப்பலகை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. ரசீதோடு படமும் சேர்ந்து பேசியதால் அவர் பேச்சு எடுபட்டது. படம் மட்டும் பத்திரமாகிவிடாது; பத்திரத்துக்குத் துணை நிற்கும். உங்கள் கடையின் முகப்பு, கல்வெட்டு, பெயர்ப்பலகை, எதிர்ச்சாரி, இவற்றை வருஷம் ஒருமுறை, புதுக்கணக்குப் போடும் அன்று எடுத்து வைப்பது நல்லது.

எப்படி எடுப்பது

கேமரா எது என்று கேட்காதீர்கள். செல்போன் போதும். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்தால் மூக்கு வீங்கி, பின்பக்கம் சுருங்கித் தெரியும். இருபது முப்பது அடி பின்னால் போய், படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் வண்டி அதன் அளவில் இருக்கும். நின்ற நிலையில் எடுக்காமல் ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு சின்ன முக்காலி கொண்டுபோகலாம், நான் அப்படித்தான்.

உச்சி வெயில் ஆகாது. பளபளப்பான பம்பரில் வெயில் பட்டுப் படம் வெளுத்துவிடும், மரநிழலில் வைத்தால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் விழும். காலை எட்டு மணிக்குள், அல்லது மாலை நாலுக்கு மேல். மலைமேல் மூட்டம் போட்ட நாள் கிடைத்தால் விடக்கூடாது. எல்லாப் பக்கமும் ஒரே சீரான வெளிச்சம். ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டி, சுரங்கத்துக் கோபுரம், பழைய ஆலை இவற்றையே படம் எடுத்தார்கள். மேகமூட்டமான நாள், ஒரே கோணம், ஒரே அமைப்பு. அந்த ஆலைகள் பலவும் இடிந்துபோன பின் அந்தப் படங்கள் உலகத்துக் கலைக்கூடங்களில் மாட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் எடுத்ததும் தொழில் செய்த இடங்கள்தான்.

ஒரு வண்டிக்கு நான் எடுக்கும் ஜாபிதா இது: முன்பக்கம் ஓரமாக ஒன்று, முழுப் பக்கவாட்டு ஒன்று, பின்பக்கம், உள்ளே டாஷ்போர்டு, கம்பெனித் தகடு, பெயின்டர் எழுதிய எழுத்து. கடைசியாக வண்டியை ஓட்டியவரை வைத்து ஒன்று. இந்தக் கடைசிப் படத்தைத்தான் வீட்டார் கேட்டு வாங்குவார்கள்.

உரிமையாளரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. ஓடுகிற வண்டியின் நம்பரைக் கண்டவர்களுக்கும் அனுப்பக்கூடாது. காட்டுச் சாலையில் செக்போஸ்டில் கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள். சந்தனக் கடத்தலால் அடிபட்ட மலை அது. சந்தேகப்படுவது அவர்கள் கடமை.

எடுத்ததை வைத்துக்கொள்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போனில் ஆயிரம் படத்தோடு ஆயிரத்தொன்றாகக் கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான். நல்ல படத்தைக் காகிதத்தில் போட்டு, பின்னால் பென்சிலால் தேதி, ஊர், வண்டி எண், உரிமையாளர் பெயர், எந்தச் சரக்கு ஏற்றியது என்று எழுதுவேன். பேனா மை ஊறிவிடும். நம் பேரேடு மாதிரியே ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு ஏற்றிவிடுவேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால், அசலை வேறு இரண்டு இடத்தில் பதிந்து வைக்கச் சொல்லிப் பேரனிடம் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று நம் தொழிலுக்கே உரியது. குடோனில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையின் புகை செம்பை அரிக்கும். கேமராவையும் போனையும் அந்த அறையில் விட்டுவிட்டுப் பூட்டாதீர்கள். ஆல்பத்தையும் குடோனில் வைக்க வேண்டாம். ஈரமும் பூச்சியும் போதும் கெடுக்க.

நமது சென்னையில் 1857-லேயே புகைப்படச் சங்கம் ஒன்று தொடங்கியது. அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு தஞ்சை, திருச்சி, மதுரை என்று போய்க் கோயில்களையும் அரண்மனைகளையும் எடுத்தார். அன்றைய மதுரை எப்படி இருந்தது என்று ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் அவர் படத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அவர் வண்டி வண்டியாக ஏற்றிப்போன கருவிகள் செய்த வேலையைச் செய்யும் பொருள் இப்போது நம் சட்டைப் பையில் கிடக்கிறது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். என் நோட்டில் காமெட், டாட்டா பென்ஸ், ஜீப், மட்டடோர், நாலு கதவு ஹெரால்டு எல்லாம் ஏறிவிட்டன. ஸ்டாண்டர்டு 20 வேன் மட்டும் இல்லை. யாருடைய குடோனிலாவது, பட்டறைப் பின்புறத்திலாவது, மேலே அவரைப்பந்தல் படர்ந்து ஒன்று நிற்கலாம். ஓட வேண்டியதில்லை, சக்கரம்கூட வேண்டாம். கம்பெனிப் பெயர் தெரிந்தால் போதும். நம் இதழ் அலுவலகத்துக்கு ஒரு கார்டு போட்டால் பஸ் ஏறி வந்துவிடுவேன். காயலான் கடைக்காரரிடம் விலை பேசியாகிவிட்டது என்றால், தயவுசெய்து அவர் வண்டி கொண்டுவரும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு முதல் நாள் காலை எட்டு மணிக்குள் நான் அங்கே இருப்பேன்.